வீதியை மூடிய தீவு

பெருநாள் பகல் ஒன்றில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை செல்லும் கடலோர வீதியைப் பார்த்தவர்களுக்கு, இன்றைய விடயத்தின் முன்பாதி தெரிந்ததேயாகும். தொழுகை முடிந்து, புதுச் சட்டை போட்டு, உறவுக்காரர் வீடுகளில் முகங்காட்டிய கையோடு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகின்றனர். சாய்ந்தமருது வரை சன நெருக்கம் அவர்களை அடக்கி வைத்திருக்கும். காரைதீவுச் சந்தியில் மாவடிப்பள்ளிப் பக்கம் திரும்பி, இருமருங்கும் வயல்வெளி தொடங்கியதும் எஞ்சின்களின் குரல் மாறிவிடும். வரம்பில் நிற்கும் பெரியவர், "ரேஸ் ஓடுறானுகள்" என்று சொல்லி முகத்தைச் சுளிப்பார்.

நேயர்களே, அந்தப் பெரியவரின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் பாவித்த சொல்தான் பிழையானது. எதிரே மாடு வரலாம், லொறி வரலாம், பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வரலாம் என்ற நிலையிலே விரைந்து ஓடுவதற்கு வேறு பெயர்கள் உண்டு. ரேஸ் எனப்படும் பந்தயம் தொடங்குவதற்கு முன் யாராவது ஒருவர் வீதியை மூட வேண்டும். ஒருவர் கொடி பிடிக்க வேண்டும். இன்னொருவர் கடிகாரம் பார்க்க வேண்டும். மற்றொருவர், ஓடப்போகும் சைக்கிளைத் தடவிப் பார்த்து, "இது ஓடலாம், இது ஓடக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இத்தனை பேரும் பெரும்பாலும் சம்பளமின்றி, விருப்பத்தினால் மாத்திரம் வந்து நிற்பவர்கள். இவர்கள் ஒன்றுகூடிய இடத்துக்குத்தான் கழகம் என்று பெயர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றை எழுதியவர்கள் எஞ்சினைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கின்றனர். அந்தக் கழகக்காரர்களைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

அமெச்சூர் என்ற சொல்லை நமது எழுத்தாளர்கள் நன்கறிவர். அமெச்சூர் நாடகம் என்று எத்தனை விளம்பரத் துண்டுகளில் வாசித்திருக்கின்றோம்! நாளடைவில் நம்மிடையே அது "அரைகுறை" என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. இலத்தீன் மூலத்தில் அதன் பொருள் காதலிப்பவன் என்பதாகும். கூலிக்காகச் செய்யாமல் காதலுக்காகச் செய்பவன். அந்தக் காதலர்களுடைய முதற் பருவம் எப்படி இருந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகின்றோம்.

பெற்றோல் எஞ்சின் பூட்டிய வாகனங்கள் ஐரோப்பிய வீதிகளுக்கு வந்த காலத்தில் பந்தயங்கள் ஊருக்கு ஊர் பொது வீதிகளிலேயே நடந்தன. 1903ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸிலிருந்து மட்ரிட் நகருக்கு ஒரு பெரும் பந்தயம் புறப்பட்டது. வழிநெடுகப் புழுதி, புழுதிக்குள் வேடிக்கை பார்க்க வந்த சனம். ஓட்டியவர்களும் பார்க்க வந்தவர்களும் மாண்டனர். ரெனோல்ட் கம்பனியின் சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோல்ட்டும் அதில் காயமுற்று இறந்தார். பிரெஞ்சு அரசாங்கம் போர்டோ நகரிலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டது. மட்ரிட்டை யாரும் எட்டவில்லை.

அதே 1903இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மோட்டார் வாகனங்களுக்கு மணிக்கு 20 மைல் என்று எல்லை விதித்தது. பந்தயத்துக்காகப் பொது வீதியை மூடுவதற்கு அங்கே சட்டத்தில் இடமிருக்கவில்லை. ஆகவே பந்தயப் பிரியர்கள் கடலைப் பார்த்தனர். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையில் மான் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கின்றது. (நமது புள்ளிமானுக்கும் அந்தப் பெயருக்கும் எவ்விதத் தொடர்புமில்லை.) அது பிரித்தானிய முடிக்குரியது. ஆயினும் டின்வல்ட் என்ற தன் சொந்தச் சட்டசபையையும் சொந்தச் சட்டங்களையும் கொண்டது. 1904ஆம் ஆண்டில் அந்தச் சபை, குறித்த நாட்களில் குறித்த வீதிகளைப் பந்தயத்துக்காக மூடலாம் என்று ஒரு சட்டம் இயற்றியது. முதலில் கார்களுக்காகத்தான் அந்தச் சட்டம் பயன்பட்டது. மறு ஆண்டு மோட்டார் சைக்கிள்களும் வந்து சேர்ந்தன.

1906ஆம் ஆண்டு ஒஸ்ரியப் பேரரசில் நடந்த சர்வதேசப் போட்டிக்குச் சென்ற ஆங்கிலேய ஓட்டக்காரர்கள் கசப்போடு திரும்பினர். சைக்கிளின் எடைக்கு வைத்திருந்த எல்லை விசித்திரமானதாக இருந்தது. அதற்குள் அடங்குவதற்காக மெல்லிய சட்டத்தில் பெரிய எஞ்சினைப் பூட்டினார்கள். அத்தகைய சைக்கிளைப் பந்தயம் முடிந்த மறுநாள் வீட்டு வாசலிலிருந்து கடைத்தெருவுக்குக்கூட ஓட்டிச் செல்ல முடியாது. திரும்பும் ரயிலில் நடந்த பேச்சிலேதான் ஒரு புதிய எண்ணம் உருவானது. சாதாரண மனிதன் கடையில் வாங்கி வீதியில் ஓட்டும் சைக்கிள்களுக்கென்று ஒரு பந்தயம் வைத்தால் என்ன? ஆசனம் இருக்க வேண்டும். மட்கார்ட் இருக்க வேண்டும். சத்தத்தை அடக்கும் சைலன்சர் இருக்க வேண்டும். எரிபொருளும் அளந்துதான் கொடுக்கப்படும். ஒற்றைச் சிலிண்டர் சைக்கிள் ஒரு கலன் பெற்றோலில் 90 மைலும், இரட்டைச் சிலிண்டர் 75 மைலும் ஓடியாக வேண்டும். சுற்றுலாக் கிண்ணம் என்ற பொருளில் அப்பந்தயத்துக்கு டூரிஸ்ட் ட்ரொபி என்று பெயர் வைத்தார்கள். இன்றும் உலகம் அதை ரீ.ரீ. என்றே அழைக்கின்றது.

1907ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி. சென் ஜோன்ஸ் என்ற கிராமத்தின் அருகே இருபத்தைந்து பேர் புறப்பட்டனர். ஒரு சுற்று ஏறத்தாழ 15.8 மைல், பத்துச் சுற்றுக்கள். தார் காணாத வீதி. பல சைக்கிள்களில் கியரும் கிடையாது, கிளச்சும் கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சில்லுக்குத் தோல் பட்டி ஒன்று ஓடும். மேட்டில் எஞ்சின் திணறினால் பெடலை மிதித்து உதவலாம் என்றுகூட அவ்வருடம் அனுமதித்திருந்தார்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் எண்ணெயைப் பம்ப் செய்து எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் இறுகிவிடும்.

ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் சார்லி கொலியர் என்பவர் தம் குடும்பத்தார் தயாரித்த மட்ச்லெஸ் சைக்கிளில் நான்கு மணித்தியாலமும் சில நிமிடங்களும் ஓடி முதலாவதாக வந்தார். சராசரி வேகம் மணிக்கு 38 மைல். நமது மாவடிப்பள்ளி இளைஞன் இதைக் கேட்டால் சிரிப்பான். அவன் இரண்டாவது கியரிலேயே அதைத் தாண்டிவிடுகின்றான் அல்லவா? ஆனால் அந்த 38 மைலில் நான்கு மணித்தியாலம் நிற்காது ஓடக்கூடிய சைக்கிள்கள் அன்று எத்தனை இருந்தன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். புறப்பட்ட இருபத்தைந்து பேரில் பத்துப் பேரே முடிவுக் கோட்டைக் கண்டனர்.

இரட்டைச் சிலிண்டர் பிரிவில் வென்ற ரெம் பவுலரின் கதை எனக்கு இன்னும் பிடித்தமானது. பிரெஞ்சு பேஜோ எஞ்சின் பூட்டிய நோர்ட்டன் சைக்கிள் அவருடையது. பட்டி கழன்றது, ஸ்பார்க் பிளக் பழுதானது, வேகமாக இறங்கிக்கொண்டிருந்த ஓரிடத்தில் டயர் வெடித்து வீழ்ந்தார். போதும் என்று அவர் கைவிடத் தயாரானபோது, வேலியோரம் நின்ற யாரோ ஒருவர், "நீர் அரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கின்றீர்" என்று கூறியதாகச் சொல்லப்படுகின்றது. மீண்டும் ஏறினார், வென்றார். அன்றைய அதிவேகச் சுற்றும் அவருடையதே. மணிக்கு ஏறத்தாழ 43 மைல். அந்த வேலியோர மனிதரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

பெடல் விவகாரம் சச்சரவாகியது. மேட்டில் யார் மிதித்தார், யார் மிதிக்கவில்லை என்ற வாதம் ஓயவில்லை. ஆகவே 1908இல் பெடலையே தடைசெய்தார்கள். அவ்வருடம், முதல் வருடத்தில் இரண்டாவதாக வந்த ஜாக் மார்ஷல் ட்ரையம்ப் சைக்கிளில் வெற்றி பெற்றார். கழகத்தின் முதலாவது பருவம் எப்போதும் இப்படித்தான். முதலில் பந்தயம், அதன் பின் சண்டை, அதன் பின் விதி. விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் போட்ட சண்டை கிடக்கின்றது.

சில வரிகளுக்குப் பின்னால் சண்டையைவிடப் பாரமான சங்கதிகளும் கிடக்கின்றன. தலைக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். இலண்டனுக்கு அண்மையில் புறூக்லண்ட்ஸ் என்ற பந்தயத் தடம் 1907இல் திறக்கப்பட்டது. அங்கே வைத்தியராகக் கடமை பார்த்த எரிக் கார்ட்னர் என்பவர், விழுந்து வரும் ஓட்டக்காரர்களுள் பலருக்குத் தலையிலேயே அடிபட்டிருப்பதைக் கவனித்தார். துணியையும் அரக்கையும் கொண்டு கடினமான தொப்பி ஒன்றைச் செய்வித்தார். பந்தயங்களை நடத்திய சங்கம் முதலில் அதை விரும்பவில்லை. பின்னர் மனம் மாறி, 1914ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் அதைக் கட்டாயமாக்கியது.

வீதியில் ஓட்டுபவர்களின் கதை வேறு. அரபு நாட்டுச் சரித்திரத்தோடு பெயர் பின்னிப்போன ரீ.ஈ. லோறன்ஸ், பிறஃப் சுப்பீரியர் என்ற உயர்ரக சைக்கிளின் பெரும் பிரியர். 1935ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நாட்டுப்புற வீதியில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்களை விலத்தப் போய் வீழ்ந்து, ஆறாம் நாள் இறந்தார். அவர் தலையில் கவசம் இருக்கவில்லை. அவரைப் பார்க்க வந்த வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கெயன்ஸ், அதன் பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிரித்தானிய இராணுவம் தன் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியதும் அவ்வாண்டின் இறுதியிலேதான். ஆக, மூடிய வீதியில் 1914இல் தெரிந்திருந்த ஒன்று, திறந்த வீதிக்கு வந்துசேர முப்பது ஆண்டுகள் அளவில் எடுத்திருக்கின்றது. இன்று நமது பொலிசார் சந்தியில் நிறுத்தி "ஹெல்மட் எங்கே?" என்று கேட்கும் கேள்வியின் மூதாதையர், அரக்குத் தொப்பியோடு பந்தயம் ஓடியவர்களே.

இனி, காதலர்களின் கதைக்குத் திரும்புவோம். 1911இல் மான் தீவுப் பந்தயம் மலையேறும் நீண்ட பாதைக்கு மாற்றப்பட்டது. ஒரு சுற்று முப்பத்தேழே முக்கால் மைல். கம்பனிகள் பணத்தோடு வந்தன. சம்பளத்துக்கு ஓடுபவர்கள் வந்தனர். கடையில் வாங்கிய சைக்கிளுக்கென்று தொடங்கிய பந்தயத்தில், கடையில் வாங்கிய சைக்கிளுக்கே இடமில்லாமற் போயிற்று. எனவே மான் தீவின் உள்ளூர்க் கழகத்தார் 1923ஆம் ஆண்டில் அதே பாதையில் அமெச்சூர் பந்தயம் ஒன்றைத் தனியாக ஆரம்பித்தனர். முதலாண்டு வென்றவர் லென் ரன்டில்ஸ், சன்பீம் சைக்கிள். மறு ஆண்டும் அவரே வென்றார்.

ஆனால் யார் அமெச்சூர்? சைக்கிள் கடையில் வேலை பார்ப்பவன் அமெச்சூரா? மைத்துனன் கம்பனியில் இருப்பதால் நல்ல எஞ்சின் கிடைத்தவன்? வென்ற பிறகு எண்ணெய்க் கம்பனியின் விளம்பரத்தில் பெயர் வந்தவன்? ஆண்டுக்காண்டு இந்த விளக்கம் நீண்டு, இறுகி, கடைசியில் யாருக்குமே பொருந்தாததாகிவிட்டது. 1930இல் கழகத்தார் களைத்துப்போய், அமெச்சூர் என்ற சொல்லையே தலைப்பிலிருந்து நீக்கி, மான்க்ஸ் கிராண்ட் பிறீ என்று பெயர் மாற்றினர். எனது அபிப்பிராயத்தில் அவர்கள் செய்தது சரியே. காதலை வரைவிலக்கணத்தால் அளக்கப்போனால் நமது இலக்கியச் சங்கங்களுக்கு நேர்ந்ததே பந்தயக் கழகத்துக்கும் நேரும்.

வரைவிலக்கணம் எதுவும் தேவைப்படாத அமெச்சூர் ஒருவரைச் சொல்கிறேன். பியட்ரிஸ் ஷில்லிங் ஒரு பெண் பொறியியலாளர். பிரித்தானிய விமானப்படைக்கான ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். வார இறுதியில், தாமே கழற்றிப் பூட்டிச் சீர்செய்த நோர்ட்டன் சைக்கிளோடு புறூக்லண்ட்ஸ் தடத்துக்கு வருவார். அங்கே மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்று ஓடியவர்களுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயக் கழகம் ஒரு சிறு தங்க நட்சத்திரம் கொடுக்கும். 1934இல் அவர் அதைப் பெற்றார். ஐந்தாண்டுகள் கழித்து யுத்தம் வந்தது. பிரித்தானியப் போர் விமானங்கள் திடீரென்று மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது அவற்றின் மேர்லின் எஞ்சின் எரிபொருள் ஓட்டம் குழம்பித் திணறியது. ஜெர்மானிய விமானங்களுக்கு அந்தக் குறை இருக்கவில்லை. ஷில்லிங் கண்ட தீர்வு, நடுவில் துளையிட்ட சிறு உலோகத் துண்டு. சட்டைப் பொத்தானைவிடப் பெரிதல்ல. அதை எஞ்சினின் எரிபொருட் குழாயில் பூட்டினால் போதும். 1941இல் விமானத் தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்துவித்தார். கைவிரல்களில் எண்ணெய் படிந்த ஒருவரால்தான் இப்படிப்பட்ட மலிவான தீர்வைக் காண முடியும் என்று நினைக்கின்றேன்.

யுத்தம் பந்தயத்துக்கு இன்னொன்றையும் விட்டுச்சென்றது. விமான ஓடுபாதைகள்! 1945க்குப் பின்னர் இங்கிலாந்து முழுவதும் விமானமில்லாத ஓடுபாதைகள் வெறிச்சோடிக் கிடந்தன. சில்வர்ஸ்டோன், ஸ்னெற்றர்டன், திறக்ஸ்டன் என்று இன்று பேர்போன பந்தயத் தடங்கள் யாவும் குண்டுவீச்சு விமானங்களும் போர் விமானங்களும் ஏறி இறங்கிய நிலங்களே. நமது பக்கத்திலும் இதுவே நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தகால ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953இல் அமைந்த மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. ஓடுபாதை நேரானது, அதில் வளைவு ஏது? வைக்கோற் கட்டுகளையும் பீப்பாய்களையும் வைத்து வளைவை உண்டாக்குவதுதான் ஓடுபாதைப் பந்தயங்களின் வழக்கம். மதராஸில் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் புல்லட் தயாரிக்கும் ஆலை 1955 முதல் இயங்கிற்று. வேலைக்குப் போகும் சைக்கிளே ஞாயிற்றுக்கிழமை பந்தய சைக்கிளாக மாறிய காலம் அது. 1990இல் அக்கழகம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீற்றர் நீளமான சொந்தத் தடத்தைத் திறந்தது. ஓட்டக்காரர்கள் விழுந்தால் உருண்டு செல்ல மண்பரப்பு, மோதினால் தாங்கப் பழைய டயர்ச் சுவர், எல்லாம் அங்கே வந்தன.

நமது நாட்டிலும் களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தவில் பிரித்தானியக் கடற்படையின் யுத்தகால விமானத் தளம் ஒன்று இருந்தது. பின்னாளில் அதுவும் பந்தயத் தடமாயிற்று. அதற்கும் முன்னரே, 1930களில், நுவரெலியாவின் மஹகஸ்தோட்டவில் மலையேற்றப் பந்தயம் தொடங்கிவிட்டது. மலையேற்றம் என்பது சிக்கனமான ஏற்பாடு. நீண்ட வீதியும் வேண்டாம், அகன்ற வீதியும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவரே ஏறுகின்றார், கடிகாரம்தான் எதிரி. ஒடுங்கிய தேயிலைத் தோட்டத்து வீதிக்கு இதைவிடப் பொருத்தமான பந்தயம் வேறில்லை.

கல்முனைக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் தங்கள் வாப்பாமாரின் வாகனத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். மீன் பெட்டி கட்டியும், நெல் மூடை ஏற்றியும், மருதமுனைச் சாறன் கட்டுகளைச் சுமந்தும் இந்தக் கரையெல்லாம் ஓடித் தேய்ந்த அந்தச் சிறிய ஹொண்டாவைச் செய்த சொய்ச்சிரோ ஹொண்டா, 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மான் தீவுப் பந்தயத்தில் வெல்வேன் என்று தம் தொழிலாளர்களுக்கு எழுத்திலேயே அறிவித்தார். அப்போது கம்பனி கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது! 1959இல் அவரது குழு தீவுக்கு வந்தது. 125 சீசீ பிரிவில் நஓமி தனிகுச்சி ஆறாமிடம் பெற்றார். குழுப் பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. 1961இல் மைக் ஹெயில்வூட் ஹொண்டாவில் 125, 250 ஆகிய இரு பிரிவுகளையும் வென்றார்.

ஆனால் அதே 1959 ஓகஸ்டில் ஜப்பானிலேயே ஹொண்டா கம்பனிக்கு ஒரு பாடம் கிடைத்தது. அசாமா எரிமலையின் அடிவாரத்தில், சாம்பல் மண் பாதையில், கழகக்காரர்களுக்கென்று ஒரு பந்தயம் நடத்தப்பட்டது. கித்தானோ மொத்தோ என்ற பதினெட்டு வயதுப் பையன் கடையில் விற்கும் ஹொண்டா 125இல் அதை வென்றான். வென்றவனை மறுபடி கம்பனிக்காரர்களின் பெரிய பந்தயத்திலும் ஓடுமாறு அழைத்தார்கள். மான் தீவுக்குப் போய் வந்த கம்பனி ஓட்டக்காரர்களும் அதில் ஓடினார்கள். அதையும் அந்தப் பையனே வென்றான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, மூடிய வீதி என்றால் ஆபத்தில்லை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. மான் தீவின் மலைப் பாதையில் 1911 முதல் இன்றுவரை 260க்கு மேற்பட்டோர் இறந்திருக்கின்றனர். 2022ஆம் ஆண்டு ரீ.ரீ. பந்தயத்தில் மாத்திரம் ஆறு பேர். கல் மதிலும் வீட்டுச் சுவரும் வீதியோரத்தில் அப்படியே நிற்கின்றன. மூடிவைக்க வீதியைத்தான் முடியும், மதிலை முடியாது. 1972இல் இத்தாலியரான ஜில்பேர்ட்டோ பர்லொட்டி அங்கே மாண்ட பின்னர், அகொஸ்தினி போன்ற உலகச் சம்பியன்கள் அந்தத் தீவில் இனி ஓடமாட்டோம் என்று சொல்லிவிட்டனர். 1976ஆம் ஆண்டோடு அதன் உலகச் சம்பியன் அந்தஸ்தும் போயிற்று. ஓடுபாதைகளும், பிறகு தனித் தடங்களும் பெறுமதி பெற்றது இதனாலேயே.

பண்டைத் தமிழருக்கு இது புதிதல்ல என்றுகூடச் சொல்லலாம். கலித்தொகையின் முல்லைக்கலி பேசும் ஏறுதழுவலில் காளைகளைத் தெருவில் அவிழ்த்துவிடவில்லை, தொழுவுக்குள் விட்டார்கள். பார்க்க வந்தவர்கள் பரண் மீது அமர்ந்தார்கள். எல்லைக்குள் வீரன், எல்லைக்கு வெளியே ஊரார்.

அந்த எல்லை தளர்ந்தால் என்ன நேரும் என்பதை நாம் அண்மையிலேயே கண்டோம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவை பொக்ஸ்ஹில் மண் தடத்தில் புத்தாண்டுப் பருவத்துப் பந்தயம். இராணுவம் பல்லாண்டுகளாக நடத்திவந்த, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடும் பெரும் போட்டி. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்தபடியால் மலைச்சரிவெங்கும் சனம். ஒரு கார் புரண்டது. தடத்தோரப் பணியாளர்கள் மஞ்சள் விளக்கு காட்டி ஏனையோரை எச்சரித்தனர். ஆயினும் வேகம் குறையவில்லை. இன்னொரு கார் தடத்தைவிட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. பந்தயப் பணியில் நின்ற உதவியாளர் நால்வரும் அந்த ஏழு பேருக்குள் அடங்குவர்.

பந்தயத்தில் மஞ்சள் என்றால், முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே என்று பொருள். சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டது. கட்டம் போட்ட கொடி முடிவைக் குறிக்கும். யாவரும் அறிந்த கொடி அது ஒன்றுதான். முதற் பருவத்து ஓட்டக்காரனுக்கு முதலாவதாகக் கற்பிக்கப்படுவதோ மஞ்சள். கொடியை மதிக்காதவனின் சைக்கிள் எவ்வளவு நல்லதாயினும் கழகம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும், அனுப்ப வேண்டும்.

இன்று பிரித்தானியாவில் ஒருவர் கழகப் பந்தயத்தில் முதன்முதலாகச் சேர்வதென்றால் என்ன செய்கின்றார் என்று சொல்லி முடிக்கின்றேன். முதலில் ஒரு நாள் பயிற்சி, பிறகு அனுமதிப்பத்திரம். சைக்கிளின் கண்ணாடிகளையும் விளக்குகளையும் கழற்றிவிடுவார்; எஞ்சின் எண்ணெய் வடிக்கும் ஆணிக்குத் துளையிட்டு, மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவார். ஒருவனின் ஆணி கழன்றால் பின்னால் வருபவன் எண்ணெயில் சறுக்குவான் அல்லவா? பந்தயக் காலையில் பரிசோதகர் அந்தக் கம்பியை விரலால் இழுத்துப் பார்ப்பார். பிடியை முறுக்கிவிட்டால் அது தானே திரும்பி மூடிக்கொள்கின்றதா என்று பார்ப்பார். தலைக்கவசத்தின் வாரைப் பார்ப்பார். பிறகு புதியவர் தம் அங்கிக்கு மேல் செம்மஞ்சள் நிற மேற்சட்டை ஒன்றை அணிந்துகொண்டு தடத்துக்குள் இறங்குவார். பின்னால் வருபவர்களுக்கு, இவர் புதியவர், இடம் விட்டு முந்துங்கள் என்று அந்த நிறம் சொல்லும். வெல்ல வேண்டுமென்ற கட்டாயம் அவருக்கில்லை. ஒழுங்காக ஓடி முடிப்பதே வேலை. முடித்தால் அவருடைய அட்டையில் கழக அதிகாரி ஒரு கையெழுத்து வைப்பார். விழுந்தாலும், இடையில் நின்றாலும், கொடியை மீறினாலும் கையெழுத்துக் கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே, சேமித்த காசில் டயர் வாங்கி, நண்பனையே மெக்கானிக்காக அழைத்துக்கொண்டு, வெவ்வேறு தடங்களுக்கு அலையும் ஒருவருக்கு ஒரு பருவத்தின் பெரும்பகுதி அந்தக் கையெழுத்துகளைச் சேர்ப்பதிலேயே போய்விடும். பத்தாவது கையெழுத்து விழுந்த அன்றுதான் அந்தச் செம்மஞ்சள் சட்டையைக் கழற்றலாம்.